வலப்பக்கத்துக் கரகரப்பு

நீதிபதி பேசினால் மட்டும் கரகரக்கிறது.

எர்மெலிண்டா பேசும்போது இல்லை.
மீன் பதனிடும் ஆலையில் இரண்டு விரல் போனதை
கழுவிக் கவிழ்த்த தம்ளர் போன்ற குரலில் சொல்கிறாள்,
ஒரு கீறல் கிடையாது.
அவர் தொண்டையைத் திறந்ததும்
வலது காதில் தகரக் கூரை, ஆலங்கட்டி.

வால்பரைசோவில் இரவு பதினொன்று.
கீழே துறைமுகத்தில் பாரந்தூக்கிகள்
விளக்கெரிய நிற்கின்றன, வேலை இல்லாமல்.
நான் விசாரணைப் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்பவள்.
நிமிடத்துக்கு இத்தனை பெசோ.
விளங்காத இடத்தில் [தெளிவில்லை] என்று போடலாம்.
இன்றைக்குப் பதினெட்டு போட்டுவிட்டேன்.

முதலில் ஆம்ப்ளிஃபயரைத்தான் பிடித்தேன்.
சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று,
வீட்டுக்கு வந்து ஆறு வாரம்.
புதிதாக வந்தவர்மேல்தானே
எந்த வீட்டிலும் முதல் பழி.

கணினியில் ஒலி நூறில் இருந்தது, எழுபதுக்கு இறக்கினேன்.
பெட்டியின் அடியில் இருக்கும் குட்டி விசையை
அதிகத்திலிருந்து குறைவுக்குத் தள்ளினேன்.
கரகரப்பு இளைத்தது, இறங்கிப் போகவில்லை.
விசைப்பலகை, சார்ஜர், பிரின்டர் என்று
ஒரே ஹப்பில் நெருக்கியடித்துப் பந்தியில் இருந்ததை எழுப்பி
கணினியின் முதுகுப்பக்கம் தனி இலை போட்டேன்.
கேபிளை மாற்றினேன்.
நாற்பத்து நாலா நாற்பத்தெட்டா என்று
பதிவும் டிரைவரும் மல்லுக்கு நிற்கின்றனவோ,
இரண்டையும் ஒரே எண்ணில் நிறுத்தினேன்.
ஆலங்கட்டி.

நிபால்டோவின் கதவைத் தட்டினேன்.
அவன் வெல்டிங்கில் பொறி தெறித்தால் என் விளக்கு சிமிட்டும்.
"இன்று கையே வைக்கவில்லை" என்றான், பைஜாமாவில்.
"வேண்டுமானால் மெஷினைத் தொட்டுப் பார், சில்லென்று இருக்கும்."
தொட்டுப் பார்த்தேன்.
சில்லென்றுதான் இருந்தது.

பெட்டியை விற்ற சாந்தியாகோ ஓசெஸுக்கு
பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம்.
அவமானம் என்ற சொல் அதில் இருமுறை வந்தது.

அனுப்பிய பிறகுதான்
பேருந்தில் வாங்கிய மலிவு இயர்ஃபோனை
அதே பெட்டியில் செருகத் தோன்றியது.
நீதிபதி வெண்ணெயாகப் பேசினார்.

ஆக, பெட்டி இல்லை. ஹெட்ஃபோன்.
அதிலும் வலது கிண்ணம்.
மெத்தையைத் திருகி எடுத்தேன்.
அடுத்த குற்றவாளி ஏற்கெனவே தயார்:
சன்னலில் துருச்சா,
வக்கீல் வைக்க வசதியில்லாத பூனை.

வலைத்துணிக்கு அடியில்
பிஸ்கட் அளவுச் சவ்வின்மேல் ஒரு முடி.
தடித்த குரல் வந்து சவ்வு எழும்பும்போதெல்லாம்
நுனி துள்ளித் துள்ளித் தட்டியிருக்கிறது.
மெல்லிய குரலுக்கு அது
படுத்த இடத்தைவிட்டு அசையவில்லை.

ட்வீசரில் பிடித்து விளக்கடியில் பார்த்தேன்.
பாதி சாயச் சிவப்பு. பாதி நரை.
மார்ச்சில் சாயம் போடுவதை நிறுத்தினேன்,
எல்லைக்கோடு துல்லியமாக இருந்தது.
துருச்சா, மன்னித்துவிடு.

மயிரைக் கட்டி மலையை இழுப்பவர்கள் உண்டு.
இந்த மலைமேல்
மயிர் என்னைக் கட்டி இழுத்திருக்கிறது
நான்கு மணி நேரம்.

பதிவைப் பின்னுக்கு ஓட்டினேன்.
நான்காம் நிமிடம், [தெளிவில்லை]:
தண்ணீர் வேண்டுமா?
ஒன்பதாம் நிமிடம்:
அவசரமில்லை.
பதினொன்றில், மைக்கைவிட்டு முகம் திருப்பி, மிகத் தாழ்வாக:
கையை மேசைக்கு அடியில் வைக்க வேண்டியதில்லை, அம்மா.

இவ்வளவு நேரமும்
அவர் அவளை அதட்டுகிறார் என்று நினைத்திருந்தேன்.

பதினேழை நிரப்பிவிட்டேன்.
பதினெட்டாவது, அவள் பதில்.
பெட்டியில் கேட்டேன், இயர்ஃபோனில் கேட்டேன்,
கணினியின் சொந்தக் குரலிலும் கேட்டேன்.
நாற்காலி நகர்கிறது. அதற்குள் ஏதோ.
கருவியில் இப்போது கோளாறு இல்லை.
[தெளிவில்லை] இருக்கட்டும்.

விடிவதற்குள் இன்னொரு கடிதம் பாக்கி.
மதிப்புக்குரிய ஓசெஸ் அவர்களுக்கு,
தவறு முழுவதும் என் தலையில்தான்